டீக்கின் கட்டிய கூட்டாட்சி

லண்டனில் வெளிவந்த 'மார்னிங் போஸ்ட்' நாளிதழ் 1901 ஜனவரியிலிருந்து ஆஸ்திரேலிய அரசியல் பற்றிய கடிதங்களைத் தொடராக வெளியிட்டது. எழுதியவர் பெயர் போடப்படவில்லை. ஆறு பிரிட்டிஷ் காலனிகள் ஒன்றுசேர்ந்து ஒரு நாடான மாதம் அது. அந்த நிருபருக்கு அமைச்சரவையின் உள்விவகாரமும் தெரிந்திருந்தது, எதிர்க்கட்சித் தலைவரின் பலவீனமும் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? அவர் அந்த அரசின் அட்டர்னி ஜெனரல். பெயர் ஆல்ஃபிரட் டீக்கின். கடிதங்கள் 1914 வரை வந்துகொண்டிருந்தன. இடையில் அவர் மூன்று முறை பிரதமராக இருந்தார்; அப்போதும் எழுதினார். 'திரு. டீக்கின்' என்று தன்னையே படர்க்கையில் குறிப்பிட்டு, தேவைப்பட்ட இடத்தில் குறையும் சொன்னார். தொடக்கத்தில் ஆண்டுக்கு 500 பவுண்டு சம்பளம். அன்றைக்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கிடைத்ததே 400 பவுண்டுதான். அவர் உயிரோடு இருந்தவரை ரகசியம் வெளிவரவில்லை. இன்று எந்த நாட்டிலாவது ஒரு பிரதமர் இப்படிச் செய்து பிடிபட்டால் அன்று மாலையே பதவி விலக வேண்டியிருக்கும்.

ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் தந்தை என்ற பட்டம் நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ஹென்றி பார்க்ஸுக்குப் போனது. முதல் பிரதமர் என்ற இடம் எட்மண்ட் பார்ட்டனுக்குக் கிடைத்தது. டீக்கின் இரண்டாம் வரிசையில் நின்றவர். ஆனால் ஒன்றியம் உருவான பத்தாண்டுகளிலும், உருவான பின் அதற்குள் சட்டங்களை இட்டு நிரப்பிய பத்தாண்டுகளிலும் அவர் கை படாத இடம் குறைவு. இன்னொன்றும் உண்டு. அந்தத் தலைமுறை ஆஸ்திரேலிய அரசியல்வாதிகளில் இந்தியாவை நேரில் பார்த்து, படித்து, இரண்டு புத்தகங்கள் எழுதியவர் அவர். பத்தாண்டு கழித்து, இந்தியர் உள்ளே வராதபடி ஆஸ்திரேலியாவின் கதவை அடைத்த சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் வாதாடியவரும் அவரே. இந்த இரண்டும் ஒரே மனிதருக்குள் உரசாமல் இருந்தன. டீக்கினைப் படிக்கும்போது எனக்கு மிகவும் யோசிக்கவேண்டியதாகத் தோன்றுவது இதுதான்.

1856-ல் மெல்பர்னில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள். தந்தை குதிரை வண்டிப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். சட்டம் படித்தார், வழக்கு வரவில்லை. படிப்பும் கனவும் ஆவியுலக ஆராய்ச்சியும்தான் இளமைக்காலம். மீடியம்களைச் சுற்றி அமர்ந்து இறந்தவர்களோடு பேசும் கூட்டங்களுக்குப் போனார். விக்டோரியா ஆவியுலகச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1877-ல் அவர் வெளியிட்ட ஒரு நூல், பதினேழாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் பன்யனின் ஆவி சொல்லச் சொல்ல எழுதப்பட்டதாம். பிற்காலத்தில் இதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் மீடியம்கள் சொன்ன குறிகளைக் குறித்துவைக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. 1890-களின் நடுவில் சிறிது காலம் பிரம்மஞான சபையிலும் சேர்ந்திருந்தார். நம் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபை. நூற்றுக்கணக்கான தனிப்பட்ட பிரார்த்தனைகளை நோட்டுப்புத்தகங்களில் எழுதிவைத்தார். வெளியுலகம் கண்ட டீக்கினோ நகைச்சுவையும் பணிவும் நிறைந்த மனிதர். எதிரிகளும் அவரோடு சிரித்துப் பேசினார்கள்.

அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தவர் 'தி ஏஜ்' நாளிதழின் அதிபர் டேவிட் சைம். விக்டோரியா காலனியில் அமைச்சரவைகளை ஆக்கவும் கவிழ்க்கவும் வல்லவர் என்று பேர் வாங்கியவர் அவர். சுங்கவரி போட்டு உள்ளூர்த் தொழிலைக் காக்க வேண்டும் என்பது சைமின் வேதவாக்கு. அதுவரை தடையற்ற வணிகத்தை நம்பியிருந்த இளைஞரைச் சைம் மாற்றிவிட்டார். 1879-ல் டீக்கின் ஓர் இடைத்தேர்தலில் வென்றார். ஒரு வாக்குச்சாவடியில் வாக்குச்சீட்டுத் தீர்ந்துபோய்ச் சிலர் வாக்களிக்க முடியாமல் திரும்பியது தெரியவந்தது. சட்டமன்றத்தில் தம் கன்னிப்பேச்சின் முடிவிலேயே பதவியைத் துறந்தார். மறுபடி நின்று இருமுறை தோற்றார். 1880-ல் மூன்றாம் முயற்சியில் உள்ளே வந்தார். இருபத்தாறு வயதில் அமைச்சர்.

விக்டோரியாவுக்கு அப்போது தண்ணீர்தான் பெரிய கவலை. 1884-ல் நீர்வள விசாரணைக் குழுவின் தலைவராகி, கலிஃபோர்னியாவின் பாசனக் குடியிருப்புகளைப் பார்க்க அமெரிக்கா போனார். அங்கு சந்தித்த சாஃபி சகோதரர்கள் பின்னர் மர்ரே ஆற்றங்கரையில் மில்டுரா நகரை நிறுவினார்கள். 1886-ல் டீக்கின் கொண்டுவந்த பாசனச் சட்டம், ஆற்று நீரின் உரிமையைக் கரையோர நிலக்காரர்களிடமிருந்து அரசின் கைக்கு மாற்றியது. உலகப் பாசன வரலாற்றில் இடம்பெற வேண்டிய சட்டம் அது. ஆனால் மர்ரே ஆற்றில் ஒரு சிக்கல் இருந்தது. 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஆறு தென்கரை வரை முழுவதுமாக நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். தென்கரையில் நின்று தண்ணீர் எடுப்பது விக்டோரியா. கீழே கடலில் கலக்கும் இடம் தெற்கு ஆஸ்திரேலியா. ஆற்றில் நீராவிப் படகு ஓட்டத் தண்ணீர் வேண்டும் என்று அது கேட்டது. மூன்று அரசுகளுக்கு ஓர் ஆறு. காவிரிக்காக மைசூரும் சென்னை மாகாணமும் ஒப்பந்தம் போட்ட 1892-ஐ ஒட்டிய காலம் இது. நமக்கு இந்த வழக்கின் சுவை தெரியும்.

ஆற்றைத் தவிரவும் காலனிகளைப் பிரித்தவை நிறைய. எல்லைதோறும் சுங்கச்சாவடி. மெல்பர்னிலிருந்து சிட்னிக்குப் போகும் பயணி ஆல்பரியில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டும். விக்டோரியாவின் தண்டவாளம் ஐந்தே கால் அடி அகலம், நியூ சவுத் வேல்ஸுடையது நான்கு அடி எட்டரை அங்குலம். ஒன்று காப்பு வரிக் காலனி, மற்றது தடையற்ற வணிகக் காலனி. பிரெஞ்சுக்காரர்கள் நியூ ஹெப்ரிடீஸ் தீவுகளிலும் ஜெர்மானியர் நியூ கினியிலும் காலூன்றியபோது காலனிகள் தனித்தனியாக லண்டனுக்கு மனுப் போட்டன. லண்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1887-ல் அங்கு நடந்த காலனி மாநாட்டில் முப்பது வயது டீக்கின் எழுந்து, பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி பிரபுவின் நியூ ஹெப்ரிடீஸ் கொள்கையை முகத்துக்கு நேராக மறுத்துப் பேசினார். காலனிக்காரன் இப்படிப் பேசுவது புதுசு. மாநாட்டின் முடிவில் கொடுக்க வந்த 'சர்' பட்டத்தையும் வேண்டாம் என்றார். கடைசிவரை எந்தப் பட்டமும் வாங்கவில்லை. பேரரசின்மேல் அவருக்குப் பற்று இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பிரிட்டனோடு சேர்ந்து, ஆனால் தலைநிமிர்ந்து இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. அப்படி நிமிர்வதற்கு ஆறு காலனிகளும் ஒரு குரலில் பேச வேண்டியிருந்தது.

1889 அக்டோபரில் டெண்டர்ஃபீல்ட் என்ற ஊரில் பார்க்ஸ் கூட்டாட்சிக்கு அறைகூவல் விடுத்தார். 1890 பிப்ரவரியில் மெல்பர்னில் காலனித் தலைவர்கள் கூடினார்கள். விக்டோரியாவின் பிரதிநிதிகளில் ஒருவர் டீக்கின். அந்த ஆண்டின் இறுதியில் அவர் பங்கேற்றிருந்த கூட்டணி அரசு கவிழ்ந்தது. கிடைத்த ஓய்வில் சைமின் பத்திரிகைக்காக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறினார். நோக்கம் பாசனம். கால்வாய்களையும் அணைகளையும் ஏரிகளையும் பார்த்து எழுதிய கட்டுரைகள் 1893-ல் 'இரிகேட்டட் இந்தியா' என்ற நூலாயின. கோயில்களும் கல்லறைகளும் இந்தியச் சமய வாழ்வும் பற்றி எழுதியவை 'டெம்பிள் அண்ட் டூம்ப் இன் இந்தியா' என்று தனி நூலாக அதே ஆண்டு வெளிவந்தன. போகிற போக்கில் யானையையும் பாம்பாட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பிய வெள்ளைக்காரரின் குறிப்புகள் அல்ல அவை. இந்தியத் தத்துவத்தை மதித்துப் படித்த ஒருவரின் கவனம் அவற்றில் இருக்கிறது.

1891 மார்ச்சில் சிட்னியில் முதல் அரசியலமைப்பு மாநாடு கூடியபோது டீக்கின் இந்தியப் பயணத்தை முடித்துக்கொண்டு அங்கே இருந்தார். குயின்ஸ்லாந்தின் சாமுவேல் கிரிஃபித் முன்னின்று ஒரு வரைவை எழுதினார். வரைவு நல்ல வரைவு. காலனிச் சட்டமன்றங்கள் அதை மூலையில் போட்டுவிட்டன. பார்க்ஸ் பதவி இழந்தார். அடுத்து வந்தது பொருளாதார வீழ்ச்சி. மெல்பர்னின் நிலச்சூதாட்டக் குமிழி உடைந்து, 1893-ல் வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. டீக்கினும் சில நிலக் கம்பெனிகளோடு தொடர்பு வைத்திருந்தவர். தன் பணம் போனதோடு தந்தையின் சேமிப்பும் போயிற்று. இந்தக் குற்றவுணர்வு அவரை நெடுநாள் வாட்டியது. மறுபடி அமைச்சராக வந்த அழைப்புகளை மறுத்து வக்கீல் தொழிலுக்குத் திரும்பினார். கொலை வழக்கில் சிக்கிய ஃபிரெடெரிக் டீமிங்குக்காக 1892-ல் வாதாடியவர்களில் அவரும் ஒருவர்; மனநிலை சரியில்லாதவர் என்ற வாதம் எடுபடவில்லை, டீமிங் தூக்கிலிடப்பட்டார்.

பதவி ஏதும் இல்லாத இந்த ஆண்டுகளில் அவர் தன் நேரத்தைக் கொடுத்த பொதுக்காரியம் கூட்டாட்சி ஒன்றுதான். 1893-ல் மர்ரே கரையிலுள்ள கொரோவா என்ற சிற்றூரில் நடந்த கூட்டத்தில், பெண்டிகோ வக்கீல் ஜான் குவிக் ஒரு யோசனை சொன்னார்: சட்டமன்றங்களை நம்பி இருக்க வேண்டாம், மாநாட்டுப் பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்கட்டும், வரைவையும் மக்களே வாக்களித்து ஏற்கட்டும். அரசியல்வாதிகள் கைவிட்ட காரியம் இதன் வழியாகத்தான் உயிர்பெற்றது. 1897-ல் தேர்தல் நடந்தபோது விக்டோரியாவின் பத்து இடங்களிலும் 'தி ஏஜ்' பரிந்துரைத்த பத்துப்பேரே வென்றார்கள். டீக்கின், குவிக், ஐசக் ஐசக்ஸ், ஹிக்கின்ஸ் எல்லாரும் அதில் அடக்கம். ஒரு பத்திரிகையின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அடிலெய்டு, சிட்னி, மெல்பர்ன் என மூன்று அமர்வுகள். பெரிய காலனிகளுக்கும் சிறியவற்றுக்கும் நடந்த இழுபறிதான் மாநாட்டின் உயிர்நாடி. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத தாஸ்மேனியாவுக்கும் பதின்மூன்று லட்சம் பேர் வாழ்ந்த நியூ சவுத் வேல்ஸுக்கும் மேலவையில் சம இடம். அந்த மேலவை வரிச் சட்டங்களைத் திருத்தலாமா? அடிலெய்டில் இது 25-க்கு 23 என்ற வாக்கில் தப்பிப் பிழைத்தது: திருத்தக் கூடாது, யோசனை சொல்லலாம். இரண்டு வாக்கில் தொங்கியது ஒரு நாடு. டீக்கின் பெரிய காலனிக்காரர். ஆனாலும் சின்னவர்களை விரட்டினால் நாடே இல்லை என்று தெரிந்தவர். மேடையில் முழங்குவதைவிடத் தாழ்வாரங்களில் அதிகம் வேலை செய்தார். ஆற்று நீர் விஷயத்தில் மெல்பர்ன் அமர்வு நாள்கணக்காகப் பேசி, கடைசியில் கிடைத்தது நூறாவது பிரிவு: வணிகச் சட்டங்களைக் காட்டி, பாசனத்துக்காக ஒரு மாநிலம் ஆற்று நீரை நியாயமான அளவில் பயன்படுத்தும் உரிமையை மத்திய அரசு குறைக்க முடியாது. நியாயமான அளவு எது என்று சொல்லவில்லை. பாசனத்தில் ஊறிய டீக்கின் மாநாட்டில் இருந்தும் இவ்வளவுதான் ஆயிற்று. மர்ரே நீரைப் பங்கிட மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் ஒப்பந்தம் போட 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வரைவு முடியும் தறுவாயில் விக்டோரியாவிலேயே ஆபத்து வந்தது. சைமுக்கு வரைவு பிடிக்கவில்லை. முதல்வர் டர்னர் தயங்கினார். 1898 மார்ச் 15 இரவு, தங்கச் சுரங்க நகரான பெண்டிகோவில் ஆஸ்திரேலியாவில் பிறந்தோர் சங்கத்தின் ஆண்டு விருந்து. நோய்க்கும் ஈமச்செலவுக்கும் உதவுகிற பரஸ்பர சகாய நிதியாகத் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர்கள் உள்நாட்டில் பிறந்த இளம் வெள்ளையர்கள். நேரம் ஆகிவிட்டது, பலர் பேசி முடித்துவிட்டார்கள். கடைசியில் எழுந்த டீக்கின், வரைவின் குறைகளை மறைக்கவில்லை. இப்போது விட்டால் திரும்பி வராது, எதிரிகள் வலுவானவர்கள், நாம் இழக்கத் தயாராக இருக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். கூட்டம் எழுந்து நின்றது. சங்கம் முழுவதும் வரைவின் பக்கம் சாய்ந்தது. அதன் பின்னால் சைமும் இறங்கிவந்தார். ஜூன் 3-ஆம் தேதி விக்டோரியாவில் ஆதரவு 1,00,520, எதிர்ப்பு 22,099. ஒரு பேச்சு வரலாற்றை மாற்றியது என்ற கதைகளை நான் எளிதில் நம்புவதில்லை. இதை நம்புகிறேன், ஏனென்றால் அன்று மாற வேண்டியிருந்தது ஓர் அமைப்பின் மனமும் ஒரு பத்திரிகை அதிபரின் மனமும் மட்டும்தான். இரண்டும் பேச்சுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன.

நியூ சவுத் வேல்ஸில் ஆதரவு 71,595, எதிர்ப்பு 66,228. பெரும்பான்மை இருந்தும் தோல்வி. 80,000 ஆதரவு வாக்கு வேண்டும் என்று அந்தக் காலனி தனக்கே விதி வகுத்திருந்தது. அதன் முதல்வர் ஜார்ஜ் ரீட், வரைவின் குறைகளை எல்லாம் அடுக்கிவிட்டு நான் ஆதரித்தே வாக்களிப்பேன் என்று சொன்னதால் 'ஆம்-இல்லை ரீட்' என்ற பெயர் நிலைத்தது. டீக்கினுக்கு ரீட்மேல் தீராத வெறுப்பு. தன் குறிப்புகளில் அவருடைய தொந்தியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் 1899-ல் முதல்வர்கள் கூடி, தலைநகர் நியூ சவுத் வேல்ஸுக்குள், சிட்னியிலிருந்து குறைந்தது நூறு மைல் தள்ளி அமையும் என்று திருத்தியபின் தன் காலனியை உள்ளே கொண்டுவந்தவர் ரீட்தான். டீக்கினின் பேனா அவருக்கு அநியாயம் செய்தது என்றே சொல்ல வேண்டும். இரண்டாம் வாக்கெடுப்பில் விக்டோரியாவின் ஆதரவு 1,52,653-ஆக உயர்ந்தது. எதிர்த்தவர்கள் பத்தாயிரம்கூட இல்லை.

1900-ல் சட்டத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற லண்டன் சென்ற குழுவில் பார்ட்டன், தெற்கு ஆஸ்திரேலியாவின் கிங்ஸ்டன், டீக்கின் மூவரும் முக்கியமானவர்கள். காலனிச் செயலர் ஜோசப் சேம்பர்லினுக்கு ஓர் ஆட்சேபம்: லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழியை ஆஸ்திரேலியர்கள் அடைக்கப் பார்க்கிறார்கள். பேரரசில் பணம் போட்டிருந்த வணிகர்களும் அதே கவலையில் இருந்தார்கள். மாதக்கணக்கில் பேரம் நடந்தது. விருந்துகளில் டீக்கின் பேசியே ஆதரவு திரட்டினார். கடைசியில் மத்திய, மாநில அதிகார எல்லை பற்றிய வழக்குகள் மட்டும் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றத்தின் சம்மதம் இல்லாமல் லண்டனுக்குப் போகாது என்று முடிவாயிற்று. சமரசம் உறுதியானதும், அறையில் தனியாக விடப்பட்ட மூன்று நடுத்தர வயது அரசியல்வாதிகளும் கைகோத்து வட்டமாக ஆடினார்கள். டீக்கினே எழுதிவைத்த காட்சி இது. எத்தனையோ முறை முறிந்துபோயிருக்க வேண்டிய காரியம், அற்புதங்களின் தொடரால் நிறைவேறியது என்பது அவர் முடிவு. ஆவிகளோடு பேசியவர் அற்புதம் என்று சொன்னால் அலங்காரமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

1901 ஜனவரி 1, சிட்னி செண்டெனியல் பூங்காவில் பதவியேற்பு. அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு கவர்னர் ஜெனரல் ஹோப்டவுன் பிரபு, கூட்டாட்சியை எதிர்த்த வில்லியம் லைனை அமைச்சரவை அமைக்க அழைத்திருந்தார். டீக்கின் லைனோடு சேர மறுத்தார். தந்திகளும் தூதுகளும் பறந்தன. லைன் அழைப்பைத் திருப்பிக் கொடுத்தார், பார்ட்டன் பிரதமரானார். டீக்கினுக்கு அட்டர்னி ஜெனரல் பதவி.

புது நாடாளுமன்றத்தின் முதல் பெரிய வேலைகளில் ஒன்று குடிவரவுத் தடைச் சட்டம். கறுப்பர், மஞ்சள் நிறத்தார் என்று சட்டத்தில் வெளிப்படையாக எழுதச் சேம்பர்லின் விடவில்லை. இந்தியா பேரரசின் பகுதி, ஜப்பான் நட்பு நாடாகிக்கொண்டிருந்தது. 1897-லேயே ஆஸ்திரேலிய முதல்வர்களுக்கு அவர் ஒரு முன்மாதிரியைக் காட்டியிருந்தார்: தென்னாப்பிரிக்காவின் நேட்டால். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன ஒப்பந்தக் கூலிகளால் கரும்புத் தோட்டங்களை வளர்த்த காலனி அது. பின்னர் சொந்தச் செலவில் வந்த இந்திய வணிகர்களைத் தடுக்க, ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டிருந்தார்கள். காந்தி டர்பனில் கும்பலிடம் அடிபட்ட அதே 1897-ல். ஆஸ்திரேலியா அந்தச் சூட்சுமத்தை எடுத்துக் கூர்தீட்டியது: அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஏதோ ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் சொல்வதெழுதல். பள்ளிக்கூடத்துச் சொல்வதெழுதல்தான். வித்தியாசம், வருகிறவருக்குத் தெரியாத மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரியின் கையில்.

1901 செப்டம்பர் 12-ஆம் தேதி டீக்கின் இந்த மசோதாவை ஆதரித்துப் பேசிய பேச்சு, அந்த விவாதத்திலேயே மிக நயமானது. ஆசியர்கள் இழிந்தவர்கள் என்று பிற உறுப்பினர்கள் கத்தினார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஜப்பானியரின் கெட்ட குணங்களுக்கு அஞ்சவில்லை, நல்ல குணங்களுக்கே அஞ்சுகிறேன் என்றார்: சோர்வறியா உழைப்பு, புதியதை உள்வாங்கும் வல்லமை, பொறுமை, குறைந்த செலவில் வாழும் திறன். ஆஸ்திரேலியாவின் ஒருமைக்கு இன ஒருமை இன்றியமையாதது, மற்ற எந்த ஒருமையையும்விட இதுவே அடிப்படை என்பது அவர் வாதம். சுங்கவரியை நீக்கலாம், தண்டவாளத்தை மாற்றலாம், ஆற்றைப் பங்கு போடலாம். ஆனால் ஆறு காலனிகளையும் ஒட்டிவைப்பது எது? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை தோல். இந்தியாவைப் பற்றிய அறியாமையால் வந்த விடை என்று அவரை மன்னிக்க வழியில்லை. இந்தியாவின் தொன்மையும் அறிவும் அவருக்குத் தெரியும். அந்த மரியாதை புத்தக அலமாரியில் இருந்தது. குடியுரிமைப் பதிவேட்டுக்கு அது வரவில்லை. வெறுப்பே இல்லாமல் விலக்கிவைக்க முடியும் என்பதற்கு அவர் சான்று. வெறுப்பில் பிறந்த சட்டம் வெறுப்புத் தணிந்தால் தளரலாம். இவருடைய சட்டம் நிதானத்தில் பிறந்தது, 1958 வரை நின்றது. 1905-ல் இரண்டாம் முறை பிரதமராக இருந்தபோது ஜப்பானின் மனக்குறையைத் தணிக்க 'ஐரோப்பிய மொழி' என்பதை 'விதிக்கப்பட்ட மொழி' என்று மாற்றினார். ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள ஒரு மொழிகூட அதன்பின் விதிக்கப்படவில்லை.

அதே 1901-ல் நிறைவேறிய இன்னொரு சட்டம், குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த பசிபிக் தீவு மக்களைப் பெரும்பாலும் திருப்பி அனுப்ப வழிசெய்தது. பூர்வகுடிகளை மக்கள்தொகையில் எண்ணக் கூடாது என்று அரசியலமைப்பின் 127-ஆம் பிரிவு சொன்னது. அது நீங்க 1967 ஆயிற்று. டீக்கின் விக்டோரியாவில் சீஃப் செக்ரட்டரியாக இருந்த 1886-லேயே, கலப்பு வழிவந்த பூர்வகுடியினரில் முப்பத்துநான்கு வயதுக்கு உட்பட்டவர்களை அரசு முகாம்களிலிருந்து வெளியேற்றிக் குடும்பங்களைப் பிரித்த சட்டம் வந்தது. கூட்டாட்சி வரலாறுகள் இதை அவருடைய கணக்கில் சேர்ப்பது அரிது. சேர்க்க வேண்டும்; யார் இந்த மக்கள், யார் இல்லை என்று எண்ணி வகுக்கும் பழக்கம் அவருக்கு 1901-ல் திடீரென்று வந்துவிடவில்லை.

உள்ளே இருந்தவர்களுக்கு அவருடைய அரசுகள் நிறையவே செய்தன. 1903-ல் உச்ச நீதிமன்றத்தை நிறுவும் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் போராடி, கேட்ட ஐந்து நீதிபதிகளுக்குப் பதில் மூன்று பேரைப் பெற்றார். அந்த ஆண்டு பிரதமரானார். மூன்று கட்சிகள் ஏறக்குறைய சம பலத்தோடு இருந்த அவையை, மூன்று அணிகள் ஒரே ஆட்டத்தில் இறங்கிய கிரிக்கெட்டுக்கு அவர் ஒப்பிட்டது பிரசித்தம். தொழிற்கட்சியின் தயவில் 1905 முதல் 1908 வரை ஆண்டார். காப்பு வரியால் லாபம் பெறும் முதலாளி தொழிலாளிக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்ற திட்டத்தைத் தொழில் தகராறு நடுவர் மன்றத்தோடு இணைத்தார். 1907-ல் நீதிபதி ஹிக்கின்ஸ், மெல்பர்ன் மாநாட்டில் டீக்கினோடு அமர்ந்தவர், ஹார்வெஸ்டர் வழக்கில் சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 7 ஷில்லிங் என்று வகுத்தார். குடும்பத்தோடு கண்ணியமாக வாழ எவ்வளவு தேவை என்பதே அளவுகோல். முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா என்று அவர் பார்க்கவில்லை. கூலியைக் காக்கவே குடியேற்றத்தைத் தடுக்கிறோம் என்று தொழிற்சங்கங்களும் டீக்கினும் சேர்ந்து சொன்னார்கள். நல்ல கூலியும் மூடிய கதவும் ஒரே கட்டாக வந்தன.

1909-ல் தன் பழைய எதிரிகளான தடையற்ற வணிகக் கட்சியினரோடு இணைந்து மூன்றாம் முறை பிரதமரானார். தொழிற்கட்சியின் ஹியூஸ், டீக்கினை யூதாசுக்கு ஒப்பிடுவது யூதாசுக்கு அநீதி என்ற பொருள்படக் கிண்டலடித்தார். 1910 ஏப்ரல் தேர்தலில் தொழிற்கட்சி இரு அவைகளிலும் தனிப் பெரும்பான்மை பெற்றது. டீக்கினுக்கு அப்போதே மறதி தொடங்கியிருந்தது. சொற்களால் வாழ்ந்தவர் நோட்டுப்புத்தகத்தில் தன் மூளை தளர்வதைத் தானே குறித்துக்கொண்டிருந்தார். 1913-ல் நாடாளுமன்றத்தை விட்டு விலகி, 1919 அக்டோபர் 7-ஆம் தேதி அறுபத்துமூன்று வயதில் இறந்தார். கூட்டாட்சி உருவான கதையை அவர் எழுதிவைத்தது 1944-ல் 'தி ஃபெடரல் ஸ்டோரி' என்ற நூலாக வந்தது.

பெயரில்லாமல் எழுதிய கடிதங்களில் ஒன்று மட்டும் தனியாக நிற்கிறது. 1902-ல் எழுதியது. சட்டப்படி மாநிலங்கள் சுதந்திரமானவை. ஆனால் நிதியில் அவை மத்திய அரசின் தேர்ச்சக்கரத்தோடு கட்டப்பட்டுவிடும் என்று அதில் எச்சரித்தார். அட்டர்னி ஜெனரலாக மேடையில் ஒருபோதும் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. சுங்க வருவாயில் முக்கால் பங்கை மாநிலங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற விதிக்குப் பத்தாண்டு கெடுதான் இருந்தது. 1909-ல் பிரதமராக அவர் மாநில முதல்வர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்: தலைக்கு 25 ஷில்லிங், அதுவும் அரசியலமைப்பிலேயே எழுதப்படும். அவரைப் பதவியிலிருந்து இறக்கிய அதே நாளில் மக்கள் இதையும் நிராகரித்தார்கள். அடுத்த அரசு 25 ஷில்லிங்கைச் சாதாரணச் சட்டத்தால் கொடுத்தது. சாதாரணச் சட்டத்தால் கொடுத்ததை எடுக்கவும் முடியும்.

டீக்கின் இறந்த மறு ஆண்டு, 1897-ல் அவரோடு ஒரே பட்டியலில் வென்ற ஐசக்ஸ், உச்ச நீதிமன்ற நீதிபதியாக எஞ்சினியர்ஸ் வழக்கில் தீர்ப்பு எழுதி, மாநிலங்களுக்கென ஒதுக்கப்பட்ட அதிகாரம் என்ற பழைய கோட்பாட்டை ஒதுக்கித் தள்ளினார். 1942-ல், போர்க்காலத்தில், வருமான வரியை மத்திய அரசே முழுவதும் வசூலித்துக்கொள்ளும் ஏற்பாட்டை எதிர்த்து நான்கு மாநிலங்கள் அதே நீதிமன்றத்துக்குப் போயின, தோற்றன. அவற்றில் ஒன்று விக்டோரியா.